தடசு மரம் சொன்ன சாட்சி

மரங்களுக்கு வாய் இருந்த காலம் அது. பன்றி பேசும். குரங்கும் பேசும், அதுவும் யாரும் கேட்காமலே பேசும். மரம் மட்டும் கேட்டால்தான் பேசும். அதனால் மரத்தின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். வழக்கு என்று வந்தால் மரத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நின்ற இடத்தில் நிற்கிறது, யாரிடமும் கை நீட்டாது, அது ஏன் பொய் சொல்லப்போகிறது என்று நம்பினார்கள். நம்பியவர்களைச் சொல்ல வேண்டும்.

ஏழுசுனை மலையில் பெள்ளன் என்று ஒருவன் இருந்தான். வில் செய்வது அவன் வேலை. அவன் பெண்டாட்டி கெம்பி நாண் திரிப்பாள். அந்த மலையில் தினை விளைந்து வீடு வந்து சேர்ந்தது என்றால் அதற்குக் காரணம் இந்த இரண்டு பேர் கைதான். வில் இல்லையென்றால் விளைந்ததெல்லாம் பன்றிக்கு.

வில்லுக்குப் பெள்ளன் தடசு மரத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். தடசு வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். பட்டையில் நார் உரித்தால் நாணும் ஆயிற்று. ஊர் நடுவே பெரிய தடசு ஒன்று நின்றது. கெம்பிக்குத் தாய்மாமன் கிடையாது. அவளுடைய தாய் அந்த மரத்தில்தான் தொட்டில் கட்டினாள். கட்டிவிட்டு, "இவளுக்கு நீதான் மாமன், சம்மதமா?" என்று கேட்டாள். மரம் சம்மதம் என்றது. பிற்பாடு அவள் பெரியவளானபோது தனியாக உட்காரக் குச்சுக் குடிசை கட்ட இலையும் கொம்பும் கொடுத்தது. கல்யாணத்தில் மாமன் முறைக்கு அதன் நிழலில்தான் பந்தல். ஊரறிய மாமன். இதை மறக்கக் கூடாது.

வில் செய்வதை விளையாட்டு என்று நினைக்காதே. பெள்ளன் கொம்பைக் கேட்டுத்தான் வாங்குவான். ஆப்பு வைத்துப் பிளப்பான், ரம்பம் போடமாட்டான். ரம்பம் மரத்தின் நரம்பை அறுக்கும். ஆப்பு நரம்போடு போகும். பிளந்ததை அடுப்புக்கு மேலே புகையில் போட்டு இரண்டு மழைக்காலம் காயவிடுவான். இரண்டு! நடுவில் எவன் வந்து கேட்டாலும் "இல்லை" என்பான்.

தடசுக்கு உள்ளே சிவப்பு. அது வைரம். வெளியே, பட்டைக்கு அடியில் வெள்ளை. வில்லின் வயிறு சிவப்பாக இருக்கும், முதுகு வெள்ளையாக இருக்கும். வயிறு என்பது பிடிக்கிறவனைப் பார்க்கிற பக்கம். முதுகு எதிரே நிற்கிறவனைப் பார்க்கிற பக்கம். நாணை இழுத்தால் வயிறு நசுங்கும், முதுகு நீளும். வயிற்றைச் சுரண்டலாம். பெள்ளன் பன்றியின் கோரைப்பல்லை வைத்துச் சுரண்டுவான். கொஞ்சம் சுரண்டுவான், வளைத்துப் பார்ப்பான், மறுபடி சுரண்டுவான். பிடிக்கு மேலே உள்ள மேல்கையும் கீழே உள்ள கீழ்க்கையும் ஒரே மாதிரி வளையும்வரை விடமாட்டான்.

முதுகில் மட்டும் கத்தி படக்கூடாது. பட்டையைக்கூட நகத்தாலும் மூங்கில் சிம்பாலும்தான் உரிப்பான். முனைக்கு முனை ஓடுகிற நரம்பில் ஒன்று அறுந்தாலும் வில் அந்த இடத்தில்தான் முறியும். இது மலையில் எல்லோருக்கும் தெரியும். பால்குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஊர்த்தலைவன் காடன் மூப்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தான்.

மூப்பனுக்குப் புது வில் வேண்டியிருந்தது. பெள்ளன் செய்து கொடுத்தான். மூப்பன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு பெள்ளா. ஆனா மொட்டையா இருக்கே."

"வில்லு மொட்டையாத்தான் இருக்கும், மூப்பா."

"முதுகுல ஒரு புலி செதுக்கிக் குடு. நான் தூக்கிப் பிடிச்சா எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியணும்."

நாண் திரித்துக்கொண்டிருந்த கெம்பி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எதிர்ல நிக்கப்போறது பன்னி. அதுக்குப் புலி படம் காட்டி என்ன பண்ணப்போறீங்க? பயந்து ஓடிச்சுன்னா கறி யாரு தருவா?"

"உன் பொண்டாட்டி வாய்க்கு ஒரு நாண் கட்டு, பெள்ளா."

"கட்டிப் பார்த்தாச்சு மூப்பா, அறுத்துட்டா. அது கிடக்கட்டும். முதுகுல கத்தி படக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா? மயிலிறகு கட்டித் தர்றேன். இல்லேன்னா கரியால எழுதித் தர்றேன்."

"கரி மழையில போயிடும்."

"புலி போனா போகட்டும். வில்லு போகக்கூடாது."

மூப்பன் முகத்தைத் திருப்பினான். வில்லை எடுத்துக்கொண்டு போனான். நேராக ஊர்த் தடசின் அடியில் உட்கார்ந்தான். மத்தியானம், ஊரெல்லாம் காட்டில் இருந்த நேரம். கத்தியை எடுத்தான். வில்லின் முதுகில் புலி வெட்ட ஆரம்பித்தான். தலை ஒன்று, வால் ஒன்று. புலி என்றால் வரி வேண்டாமா? குறுக்கே ஒன்பது வரி. குறுக்கே! ஒன்பது! ஒவ்வொரு வரிக்கும் நரம்பு அறுகிற சத்தம் மெல்லக் கேட்டது. கேட்டது யாருக்கு? மேலே நின்ற தடசுக்கு. அதன் சொந்தக் கொம்பு அது. ஆனால் மரத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அது சும்மா பார்த்துக்கொண்டு நின்றது.

வெட்டி முடித்து, வில்லைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்தான் மூப்பன். ஊர் நோன்புத் திருவிழாவில் தூக்கிக் காட்டலாம் என்று எண்ணம்.

நோன்பு வருவதற்குள் பன்றி வந்துவிட்டது.

விடிந்து கொஞ்ச நேரம். தினைக்காட்டில் பெரிய ஒற்றைப் பன்றி இறங்கிவிட்டது என்று சத்தம் கேட்டது. மூப்பன் வில்லோடு ஓடினான். அவன் அக்காள் மகன் நஞ்சன் கம்போடு பின்னால் ஓடினான். பன்றி திரும்பி நின்றது. மூப்பன் அம்பைத் தொடுத்து, காதுவரை இழுத்தான்.

சடக்.

புலியின் கடைசி வரியில் வில் முறிந்தது. பன்றி பாய்ந்தது. மூப்பன் என்ன செய்தான்? காவல் பரணில் ஏறிக்கொண்டான். பின்னால் நின்ற நஞ்சனைப் பன்றி தொடையில் கிழித்துவிட்டுப் போய்விட்டது. அக்காள் மகன் கீழே ரத்தத்தில் கிடக்கிறான். மாமன்காரன் பரணிலிருந்து இறங்கி முதலில் எடுத்தது அவனையா? இல்லை. புலி வெட்டிய மேல் துண்டை. அதைக் காவல் நெருப்பில் போட்டான். அது கரியான பிறகுதான் கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட்டான்.

மறுநாள் ஊர் கூடியது. வில்லை நம்பித்தான் அங்கே உயிர். ஆகவே கெட்ட வில் செய்து கொடுத்தவனுக்கு அந்த மலையில் ஒரே தண்டனைதான். கத்தியை உடைத்துவிட்டு, பெண்டாட்டியோடு மலை இறங்கிவிட வேண்டும். திரும்பி ஏறக் கூடாது. கீழே போய் எதை வைத்துப் பிழைப்பான்? அது ஊருக்குக் கவலை இல்லை.

"அழுகல் மரத்துல வில்லு செஞ்சு குடுத்துட்டான்," என்றான் மூப்பன். "என் அக்கா மகன் கால் போச்சு. ஊர் கேக்கணும்."

பெள்ளன் மிஞ்சியிருந்த கீழ்க்கையை எடுத்து ஐந்து பெரியவர்கள் முன்னால் வைத்தான். "இதுல அழுகல் எங்கேன்னு காட்டுங்க. மோந்து பாருங்க. கடிச்சுப் பாருங்க."

"முறிஞ்ச மேல் துண்டைக் காட்டுப்பா," என்றார் ஒருவர்.

"அது நெருப்புல எரிஞ்சு போச்சு," என்றான் மூப்பன்.

"எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டாள் கெம்பி.

"தானா எரிஞ்சுது."

"தானா எரியறதுக்கு அது என்ன பங்காளி வயிறா?"

கூட்டம் சிரித்தது. மூப்பன் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கட்டிலில் கிடந்த நஞ்சனைக் கேட்டார்கள். அவன் மாமனைப் பார்த்தான், காலைப் பார்த்தான். "நான் பின்னால நின்னேன். வில்லோட முதுகு எனக்குத் தெரியலை," என்றான்.

"எனக்குத் தெரிஞ்சுது."

திரும்பிப் பார்த்தால் புதர் ஓரத்தில் பன்றி. அதே பன்றி. அந்தக் காலத்தில் வழக்கு நடக்கும் இடத்தில் யார் மேலும் யாரும் கை வைக்கக் கூடாது. அதனால் தைரியமாக வந்து நின்றது.

"எனக்கும் பெள்ளன் வீட்டுக்கும் மூணு தலைமுறைப் பகை," என்றது பன்றி. "எங்க தாத்தன் பல்லை வெச்சுத்தான் இவன் வில்லு சுரண்டுறான். இவன் வில்லு முறியாது. முறியுற வில்லா இருந்தா எங்க தாத்தன் இன்னைக்கு இருந்திருப்பான். நேத்து என் எதிர்ல நீட்டின வில்லு முதுகுல ஒரு பூனையைச் செதுக்கி வெச்சிருந்தது. குறுக்க குறுக்கக் கோடு. அப்பவே நினைச்சேன், இன்னைக்கு நான் பிழைச்சேன்னு."

"பூனை இல்லடா, புலி!" என்று கத்தினான் மூப்பன்.

கத்திவிட்டு வாயைப் பொத்தினான்.

இதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் முடிந்திருக்கும். பக்கத்து மரத்தில் இருந்த குரங்குக்கே விளங்கிப்போயிற்று, விழுந்து விழுந்து சிரித்தது. ஐந்து பெரியவர்களுக்கு மட்டும் காது கேட்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமினார். "பன்னி பயிரைத் தின்னுற பய. அவன் சாட்சி செல்லாது," என்றார் மூன்றாமவர்.

மூப்பன் அதற்குள் சுதாரித்துக்கொண்டான். "புலி இருந்தது உண்மை. கரியால எழுதினேன். கத்தி வைக்கலை."

"எங்க உக்காந்து எழுதினீங்க?" என்று கேட்டான் பெள்ளன்.

"தடசு அடியில."

கெம்பியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அப்ப மாமனைக் கேளுங்க. எங்க மாமன் பார்த்திருக்கும்," என்றாள்.

சாயங்காலம் மரத்தடியில் கூடுவது என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனது. மூப்பன் போகவில்லை. கோடாலி ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். வேரின் மேல் உட்கார்ந்து தீட்டினான். கட்டைவிரலால் கூர் பார்த்தான். மறுபடி தீட்டினான். மரத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். கோடாலியை அடிமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம் ஊர் வந்தது. சாட்சி சொல்கிற மரம் முதலில் ஓர் இலையை உதிர்க்க வேண்டும். அதுதான் சத்தியம். தடசு ஓர் இலையை உதிர்த்தது. அது மரத்தடிக் கல்லின் மேல் விழுந்தது.

"மூப்பர் வில்லு முதுகுல கத்தி வெச்சாரா, கரியால எழுதினாரா?" என்று பெரியவர் கேட்டார்.

மரம் கிளையை ஆட்டியது. "காத்துன்னா எல்லாப் பக்கமும்தான் அடிக்கும்," என்றது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு, மாமா," என்றாள் கெம்பி.

"சொல்றேன், மருமகளே, அவசரப்படாதே. கத்தி வெச்சார். வைக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா லேசாத்தான் வெச்சார். கொம்புலயும் கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்கலாம். ரெண்டு பக்கமும் பார்க்கணும் இல்லையா? பெரியவங்களே, இந்த இலையை எடுத்து மடிச்சுப் பாருங்க. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. தப்பும் அப்படித்தான். பாதிப் பாதி."

பெரியவர் இலையை எடுத்து மடித்தார். விளிம்போடு விளிம்பு அச்சாக ஒட்டியது.

"ஆகா, என்ன நியாயம்! மரம்னா இது மரம்," என்று கூட்டம் தலையை ஆட்டியது.

என்ன நியாயம்? ஒன்பது வெட்டு வெட்டியவனுக்கும் ஒரு வெட்டும் வெட்டாதவனுக்கும் நடுவில் பாதி எங்கே இருக்கிறது? வெட்டாதே என்று சொன்னவன் தலையில் பாதியா? பார்த்துக்கொண்டு நின்ற மரம் இப்படிச் சொன்னால், அதற்குப் பெயர் நியாயமா?

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள்: "மூப்பர் மேல பாதித் தப்பு. அவர் மூப்பர்ங்கிறதால ஊர் மன்னிச்சாச்சு. பெள்ளன் மேல பாதித் தப்பு. கத்தியை உடைச்சுட்டு மலை இறங்கணும்."

"பாதிக்கே மலை இறங்கணும்னா முழுத் தப்புக்கு என்ன?" என்று கேட்டது பன்றி.

பெரியவர்கள் எழுந்து துண்டை உதறினார்கள். பெள்ளன் கத்தியைக் கல்லில் வைத்து உடைத்தான்.

அப்போது கெம்பி எழுந்தாள். நேராகப் போய்ப் பெரியவர் கையிலிருந்த இலையைப் பிடுங்கினாள். மரத்துக்கு எதிரே நின்றாள்.

"என் தொட்டில் உன் கையில ஆடிச்சு," என்றாள். "என் சடங்குக்கு நீ குச்சு கட்டின. உன்னைத் தவிர எனக்கு வேற மாமன் கிடையாது. அந்த வில்லு யார் கொம்பு? உன் கொம்பு. அது பலம் குறைஞ்சதுன்னு உன் வாயாலேயே சொன்னியே, எதுக்காக? அந்தக் கோடாலிக்காக."

"மருமகளே, நான் உன்னையும் விட்டுக்குடுக்கலையே..."

"மூப்பன் பக்கம் நிக்கிறேன்னு சொல்லியிருந்தா, சீ போன்னு துப்பிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கப் பார்த்தே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அடிக்கிறவனுக்கும் அடி வாங்குறவனுக்கும் நடுவுல நிக்கிறவன் அடிக்கிறவன் ஆளு. நடுவா நிக்கிறியா நீ? உனக்கு இனிமே நடுவே கிடையாது."

இலையின் காம்போரம், ஒரு பக்கத்தில் நகத்தை வைத்தாள். சர்ரென்று கிழித்தாள்.

அவள் கையில் கிழிந்தது ஓர் இலை. ஆனால் அந்த மரத்தின் இலைகள் அத்தனையும் அதே இடத்தில் கிழிந்தன. ஏழுசுனை மலையில் நின்ற எல்லாத் தடசின் இலையும் கிழிந்தது. காடு முழுக்க அந்தச் சத்தம் போயிற்று. அங்கேயும் வந்து மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த குரங்கு சிரிப்பை நிறுத்திக் கீழே இறங்கியது. கூட்டத்தின் தலையில் பச்சைத் துணுக்குகள் கொட்டின. மூப்பன் வாயைத் திறந்தான், வாய்க்குள்ளும் விழுந்தது.

கெம்பி கிழித்த இலையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் புருஷனோடு நடந்தாள்.

மரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் கேட்காமல் அது வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "கெம்பி! ஏ கெம்பி! நில்லும்மா. இன்னொரு தடவை கேளு. ஒன்பது வெட்டும் நான் பார்த்தேன். இல்ல, இல்ல, நீ கேளு, நான் சபையில முழுசா சொல்றேன். கேளு, மாமன்னு கேளு!"

அவள் திரும்பவில்லை. கேட்கவும் இல்லை.

பன்றி அவர்கள் பின்னாலேயே சரிவுவரை போனது. "நீங்க போனா எனக்குத்தான் லாபம்," என்றது பெள்ளனிடம். "தினை பூரா எனக்குத்தான். ஆனாலும் இது நல்லா இல்லை."

"தெரியும். போய்த் தின்னு," என்றான் பெள்ளன்.

தின்றது. அந்த வருஷம் ஏழுசுனை மலையில் ஒரு கதிர்கூட வீடு வந்து சேரவில்லை. மூப்பன் தானே வில் செய்கிறேன் என்று ஆரம்பித்தான். புகையில் இரண்டு மழைக்காலம் காயவைக்க அவனுக்குப் பொறுமை இல்லை. பச்சைக் கொம்பை வளைத்தான். அது வளைந்தபடியே நின்றது, நிமிரவில்லை. ஊர் ஒரு வேளை மட்டும் கிழங்கு தின்று கிடந்தது. தலையாட்டிய கூட்டமும் தின்றது, தீர்ப்புச் சொன்ன ஐந்து பேரும் தின்றார்கள். அதற்குப் பிறகு எந்த வழக்கிலும் எவரும் மரத்தைக் கூப்பிடவில்லை. கேட்டால்தானே மரம் பேசும்? யாரும் கேட்கவில்லை, அதனால் மரம் பேசவில்லை.

அந்த நாளிலிருந்துதான் தடசு இலை காம்போரத்தில் ஒரு பக்கம் இறங்கியும் ஒரு பக்கம் குறைந்தும் முளைக்கிறது. எத்தனை மழை பெய்தாலும், எத்தனை தளிர் விட்டாலும், அந்தக் குறை நிறைவதில்லை. நடு நரம்பில் மடித்துப் பார், இரண்டு பக்கமும் ஒட்டாது.